இருபத்தோராம் வசனமும் இருபத்திரண்டாம் வசனமும்

இந்திய இராணுவம் இன்னும் யாழ்ப்பாணத்தில் நின்ற 1989ஆம் ஆண்டு, வலிகாமத்தில் ஒரு சிறிய தேவாலயத்தில் எனது திருமணம் நடந்தது. ஊரடங்குக்கு முன் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்பதால் பாட்டுகளைக் குறைத்தார்கள், பிரசங்கத்தையும் குறைத்தார்கள். வேத வாசிப்பை மட்டும் குறைக்கவில்லை. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபம், ஐந்தாம் அதிகாரம், 22ஆம் வசனத்திலிருந்து. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், ஏனெனில் கணவன் மனைவிக்குத் தலை என்று சொல்லும் பகுதி. சிறுவயதிலிருந்து எத்தனையோ கல்யாணங்களில் கேட்டுப் பழகியதாதலால் அன்று அது என் காதில் விழவேயில்லை. புதுச் செருப்பு கடித்ததுதான் நினைவிருக்கிறது.

வாசிப்பு 22இல் தொடங்கியது, 21இல் தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் சென்றன. கவனிக்க வைத்தவள் ஒரு தோழி. வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவள். பின்னர் இருவரும் ஒஸ்லோவுக்கு வந்தோம். அவளுடைய கணவன் அடிப்பவன். அவள் போய்வந்த தமிழ் ஜெபக்கூட்டத்தின் பெரியவர்கள் இரண்டு தடவை அவளைத் திருப்பி அனுப்பினார்கள்: கணவன் தலை, நீ பணிந்து நடந்தால் அவன் திருந்துவான், இது சபை என்றைக்கும் மாறாமல் போதித்து வருவது. மூன்றாம் தடவை அவள் என் வீட்டுக்கு வந்தாள். “அக்கா, வேதத்திலை உண்மையா அப்படித்தான் இருக்கோ?” என்று கேட்டாள்.

நான் சபைக்குப் போவதை விட்டு அப்போது பல வருடங்கள். அப்பாவின் வேதாகமம் மட்டும் வீட்டில் இருந்தது. மீதியை நூலகத்தில் தேடினேன்.

21ஆம் வசனம் விசுவாசிகள் எல்லோரையும் ஒருவருக்கொருவர் பணியச் சொல்கிறது. 22ஆம் வசனத்தில், எமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில், வினைச்சொல்லே இல்லை. ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்த பப்பைரஸ் 46இலும் நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் பிரதியிலும் மனைவியர் பற்றிய அந்த வாக்கியம் முந்திய வசனத்தின் வினையைக் கடன் வாங்கித்தான் நிற்கிறது. வேறு பிரதிகளில் வினை பின்னர் நிரப்பப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. அதாவது இரண்டும் ஒரே வாக்கியம். வசன எண்களோ 1551இல் வந்தவை. அவற்றைப் புதிய ஏற்பாட்டுக்கு இட்டவர் றொபேர் எத்தியென் என்ற அச்சகர், பாரிசிலிருந்து ஜெனீவாவுக்குத் தப்பியோடிய அகதி. அவர் இட்ட எண்ணைத் தொடக்கமாகக் கொண்டுதான் எனது திருமணத்தில் பாதி வாக்கியம் வாசிக்கப்பட்டது.

அடுத்தது ‘தலை’. கிரேக்கத்தில் கெஃபலே. 1980களில் அமெரிக்க எவாஞ்சலிக்கல் வட்டாரங்களில் இச்சொல்லை வைத்து நடந்த சண்டை ஒரு நூலகத்தை நிரப்பும். பேர்க்லி, அல்வேரா மிக்கெல்சன் தம்பதியர் அதற்கு ‘ஊற்று, மூலம்’ என்ற பொருளே பவுலின் இடங்களில் பொருந்தும், ‘அதிகாரி’ என்பதல்ல என்றனர். வெய்ன் குரூடெம் 1985இல், பண்டைய கிரேக்க எழுத்துகளில் 2,336 இடங்களைப் பார்த்ததாகவும் ‘மூலம்’ என்ற பொருள் எங்கும் உறுதிப்படவில்லை என்றும் பதில் எழுதினார். அவர் எண்ணிய முறையைப் பிழை என்று மறுத்தவர்களும் உண்டு. இரண்டும் இல்லை, ‘முதன்மையாய் நிற்பது’ என்பதே பொருள் என்ற மூன்றாம் அணியும் உண்டு.

தமிழ் வாசகருக்கு இச்சண்டை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. எமது ‘தலை’யில் தலைவனும் இருக்கிறான், தலைமடையும் இருக்கிறது. அப்பாவுக்குக் கிளிநொச்சியில், இரணைமடுத் தண்ணீரில் விளையும் வயல் இருந்தது. வாய்க்காலின் கடைசிப் பக்கம். மூலம் என்று பொருள் கொண்டால் அதிகாரம் கரைந்துவிடும் என்று மிக்கெல்சன் தம்பதியர் நம்பியபோது, கடைமடையில் வயல் வைத்திருந்த யாரிடமும் அவர்கள் கேட்கவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். தலைமடையில் இருப்பவன் மண்வெட்டியை எடுத்தால் கீழே பயிர் காயும். ஊற்றாக இருப்பதும் ஒரு அதிகாரந்தான்.

சரி, ‘என்றைக்கும் மாறாத போதனை’ என்பதைப் பார்ப்போம். இங்கேதான் எனக்கு உண்மையான வியப்புக் காத்திருந்தது. அந்த ஜெபக்கூட்டத்தில் விநியோகித்த துண்டுப்பிரசுரம், ஆணும் பெண்ணும் கடவுள் முன் சம மதிப்புடையவர்கள், பொறுப்புகள் மட்டுமே வேறு, தலைமை ஆணுக்கு என்றது. கேட்க நியாயம்போல் இருக்கும். ஆனால் பழைய சபை இப்படிச் சொல்லவில்லை. அரிஸ்டோட்டிலைப் பின்பற்றிய அக்குவைனாஸ், ஆணிடம் பகுத்தறிவு மேலோங்கி நிற்பதால் பெண் அவனுக்குக் கீழ்ப்பட்டவள் என்றார். 1558இல் ஜோன் நொக்ஸ், பெண்கள் அரசாள்வதே இயற்கைக்கு விரோதம் என்று ஒரு நூல் எழுதினார். அவரும் அப்போது ஜெனீவாவில் அகதி. (புகலிடத்தில் இருந்துகொண்டு பெண்கள் எப்படி நடக்கவேண்டும் என்று எழுதிய கடைசி ஆண் அவரல்லர்.) இவர்களுக்குப் பெண் சமமானவளல்லள், ஆதலால் பணியவேண்டியவள். சமம், ஆயினும் பணியவேண்டும் என்ற வாதம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெண்ணியத்துக்குப் பதிலாக உருப்பெற்றது. அதன் பெயர்பெற்ற அறிக்கை 1987இல் அமெரிக்காவின் டான்வெர்ஸ் நகரில் வரையப்பட்டது. அது கடுமையான, சுயநலமான தலைமையைக் கண்டிக்கவும் செய்கிறது. அந்த வரி மட்டும் ஒஸ்லோவின் துண்டுப்பிரசுரத்துக்கு வந்து சேரவில்லை. என் தோழிக்கு ஆதிகாலப் போதனை என்று தரப்பட்டது எனது திருமணத்தைவிட இரண்டே வயது மூத்தது.

இவற்றையெல்லாம் ஒரு மாலை அவளுக்குச் சொன்னேன், வினைச்சொல் இல்லாத வாக்கியத்தைப் பெருமையோடு விளக்கினேன். அவள் தேத்தண்ணியை ஆற்றியபடி கேட்டாள்: “அந்தச் சொல் அங்கை இருந்திருந்தா, அவர் எனக்கு அடிச்சது சரியோ அக்கா?”

நான் வாயடைத்துப் போனேன். அவளுடைய கேள்வியை எனக்கு முன்பே, வேறு மொழியில், ஒருவர் எதிர்கொண்டிருந்தார். சுவீடனில் பெண்களைப் போதகர்களாக்குவது பற்றிய விவாதத்தில், 1951இல் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை விட்டனர்: அது புதிய ஏற்பாட்டோடு பொருந்தாது என்று. 1958இல் கிரிஸ்டர் ஸ்தெண்டால் இதற்கு எழுதிய பதில், பவுலைப் பெண்ணியவாதியாக்க முயலவில்லை. அந்தப் பகுதிகள் பெண்ணைக் கீழ்ப்படுத்துகின்றன என்பதை அவர் ஒப்புக்கொண்டார். முதலாம் நூற்றாண்டின் வீட்டு ஒழுங்கை அப்படியே திரும்ப நடிப்பதுதானா விசுவாசம் என்பதே அவர் எழுப்பிய வினா. ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை என்ற கலாத்தியர் நிருபத்தின் எண்ணம், எழுதியவர்களே முழுதாக வாழ்ந்து பார்க்காத ஒன்று. அதை நோக்கி நகர்வதா, பின்னால் நிற்பதா? எபேசியர் நிருபத்தைப் பவுலே எழுதவில்லை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘அவர் உண்மையில் என்ன நினைத்தார்’ என்ற தேடலில் எவ்வளவு குறைவாகவே கைக்கு அகப்படும் என்பது புரியும்.

நோர்வேயில் இது வேறுவிதமாக நடந்தது. 1938இன் சட்டம் பெண்களுக்கு அரச பதவிகளைத் திறந்தது. போதகர் பதவிக்கு மட்டும், உள்ளூர்ச் சபை கொள்கையளவில் எதிர்த்தால் நியமிக்கலாகாது என்று ஒரு கொக்கி இருந்தது. 1956இல் கொக்கி நீங்கிற்று. 1961 மார்ச்சில், ஹாமார் அருகே வாங் தேவாலயத்தில், அறுபதை நெருங்கிய இங்ரிட் பியெர்கோஸ் என்ற பெண்ணைப் பேராயர் கிறிஸ்தியான் ஷெல்டெருப் அபிஷேகம் செய்தார். ஒன்பது பேராயர்களில் ஆறு பேர் இது புதிய ஏற்பாட்டுக்கு முரண் என்று பகிரங்கமாக அறிவித்தனர். பியெர்கோஸ் போய்ப் பணியாற்றியது வடக்கே சென்யாத் தீவின் பெர்க், டொர்ஸ்கென் பகுதிகளில். நாங்கள் மீன் வெட்டிய இடத்தைப் போலவே காற்றும் கடலும் மீனும் உள்ள இடம். 1993இல் ஹாமார் மறைமாவட்டத்துக்கே ஒரு பெண் பேராயரானார். ஆறு பேராயர்களின் கிரேக்க அறிவை யாரும் வெல்லவில்லை. சட்டம் மாறியது, அரசு நியமித்தது, மக்கள் பழகினர், பிறகு வியாக்கியானம் வந்து சேர்ந்தது. ஆன்மீகவாதிகளுக்கு இது கசக்கும். எமது சில இடதுசாரித் தோழர்கள் நினைப்பதுபோல மதத்தின் தோல்வியும் அல்ல. அபிஷேகம் செய்த ஷெல்டெருப்பும் அதே வேதாகமத்தை வாசித்தவர்தான்.

எபேசியர் நிருபத்தின் வீட்டு ஒழுங்கு மனைவியோடு முடிவதில்லை. ஆறாம் அதிகாரத்தில் பிள்ளைகள் வருகிறார்கள், அதன்பின் அடிமைகள். அமெரிக்காவில் அடிமை முறையைக் காத்தவர்கள் அந்த வசனங்களைத்தான் நீட்டினார்கள். சார்ல்ஸ்ரனின் அடிமை உடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்த சாரா கிரிம்கே, அடிமை ஒழிப்பு மேடையிலிருந்து நேராகப் பெண்களின் சமத்துவத்துக்கு வந்து 1838இல் நூலெழுதியது தற்செயலல்ல. இரண்டையும் நியாயப்படுத்திய பக்கம் ஒன்றே என்பதை அவர் பார்த்திருந்தார். அடிமை முறை மனிதன் உண்டாக்கியது, திருமணமோ படைப்பிலேயே உள்ளது, ஆகவே இரண்டையும் ஒப்பிடலாகாது என்பது தலைமைவாதிகளின் மறுப்பு. அது பலமான மறுப்பு. ஆனால் நிருபம் அந்த வேறுபாட்டைத் தானே சொல்லவில்லை, வாசிப்பவர்தான் கொண்டுவருகிறார்.

தலைமை, கீழ்ப்படிவு என்ற இரு சொற்களையும் தேவாலயத்துக்கு வெளியே எமது தலைமுறை எங்கே கேட்டது, கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இப்பக்கங்களின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தோழி திரும்பிப் போகவில்லை. பிள்ளைகளைத் தனியாக வளர்த்தாள். ஜெபக்கூட்டத்தை விட்டாள், ஜெபத்தை விடவில்லை. அதில் எனக்கும் அவளுக்கும் இன்றும் வாக்குவாதம். சில வருடங்களுக்கு முன் அவளுடைய மகளுக்கு ஒரு நோர்வேஜியத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. போதகர் ஒரு பெண். எந்தப் பகுதி வாசிக்கவேண்டும் என்று அவர் கேட்டபோது, எபேசியர் வேண்டாம் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். மகள் அதையேதான் கேட்டாள், 5:21 தொடக்கம் 6:9 வரை முழுதாக. அடிமைகளைப் பற்றிய இடம் வந்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒருவர், தவறான பக்கத்தைப் புரட்டிவிட்டார்களோ என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். இல்லை, இதுதான் தொடர்ச்சி என்றேன்.