குருத்தெலும்புப் புற்றுநோய்

குருத்தெலும்பை உண்டாக்கும் தன்மை கொண்ட செல்களால் எலும்பில் வளரும் புற்று இது. மருத்துவர்கள் காண்ட்ரோசார்கோமா என்பார்கள். எலும்பிலேயே தோன்றும் சார்கோமா வகைகளில் ஆஸ்டியோசார்கோமாவுக்கு அடுத்து அதிகம் காணப்படுவது இதுதான். ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் வளரும் பிள்ளைகளைப் பிடிக்கும். இதுவோ பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களின் இடுப்பு, தொடை, தோள், விலா எலும்புகளில் வரும். வலி மெல்லத்தான் தொடங்கும். மூட்டை தூக்கியதால் வந்த சுளுக்கு என்று, சிங்கப்பூரின் தேக்காவில் வாங்கிய தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுவது எளிது. ஓய்ந்து படுத்த பிறகும் இரவில் விடாமல் வலித்தால் அது சுளுக்கல்ல என்று சந்தேகிக்க வேண்டும்.

1930இல் சிகாகோவின் அறுவை மருத்துவர் டல்லஸ் ஃபெமிஸ்டர் இதைப் பற்றித் தனியாக எழுதினார். 1943இல் நியூயார்க்கின் மருத்துவர்கள் லிச்டென்ஸ்டைனும் ஜாஃபியும் நுண்ணோக்கியில் எதைத் தேட வேண்டும் என்று வரையறுத்தார்கள்: பருத்த உட்கரு, ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கரு. வெட்டிய கட்டி நுங்கைப் போல நீலம் படர்ந்த வெண்மையாய் மினுங்கும். எக்ஸ்ரேயில் வளையம் வளையமாகச் சுண்ணாம்புப் படிவு தெரியும். தீங்கற்ற குருத்தெலும்புக் கட்டியும் ஏறக்குறைய இப்படியேதான் இருக்கும். தேர்ந்த கண்களுக்கே குழப்பம் தரும் இடம் அது.

நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்வது கட்டியின் தரநிலை. 1977இல் ஹூஸ்டனிலிருந்து வெளிவந்த ஆய்வில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு முதல் தரத்தில் 90 விழுக்காடு, இரண்டாம் தரத்தில் 81, மூன்றாம் தரத்தில் 43. முதல் தரக் கட்டி எதுவும் வேறு உறுப்புக்குப் பரவவில்லை. மூன்றாம் தரத்தில் 71 விழுக்காடு பரவியது. தரம் மாறி மூர்க்கமாகிவிடும் வகை இன்னும் கொடியது.

இந்தத் தரத்தைக் கண்டறிய, திசுவைப் படித்து நோயைச் சொல்லும் துறை வேண்டும்; அது சிங்கப்பூரில் வேரூன்றக் காரணமானவர் பேராசிரியர் கே. சண்முகரத்தினம் (1921–2018). இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தை. 1968 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் அவர் உருவாக்கியது. இத்தகைய அரிய புற்றுகளைக்கூட நாடு முழுமைக்கும் எண்ணிப் பார்க்க முடிவது அந்தப் பதிவகத்தால்தான். தமிழர்கள் சண்முகரத்தினத்தின் பெயரை இன்னும் அதிகம் அறிந்திருக்க வேண்டும்.

குருத்தெலும்பில் இரத்த நாளங்கள் குறைவு. அதன் செல்கள் மெதுவாகவே பெருகும். ஆகவே கீமோவுக்கும் வழக்கமான கதிர்வீச்சுக்கும் இந்நோய் பெரும்பாலும் மசியாது. கத்திதான் மருந்து. கை, கால் எலும்புகளில் முதல் தரக் கட்டியைச் சுரண்டியெடுத்து, குழியை எலும்பு சிமெண்டால் அடைத்தால் பெரும்பாலும் போதும். 2013இல் உலக சுகாதார நிறுவனமே அதற்குப் புற்று என்ற சொல் இல்லாத வேறொரு பெயரையும் சேர்த்தது. உயர்ந்த தரமோ இடுப்பெலும்போ என்றால், சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து மொத்தமாக வெட்டியெடுக்க வேண்டும். கட்டியைத் தொடாமல் வெட்டுவதே இதன் நுட்பம். ஓரத்தில் செல்கள் தங்கிவிட்டால் திரும்ப முளைக்கும்.

முன்பு இதற்குக் கால் அல்லது கையையே எடுப்பார்கள். இன்று பெரும்பாலும் உலோக மூட்டு பொருத்திக் காப்பாற்றுகிறார்கள். எலும்புக்கு எலும்பையே வைக்கும் வழியில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்து, மணிக்கட்டருகே அகற்றிய எலும்பின் இடத்தில் பொருத்தியதைச் சிங்கப்பூர் அறுவை மருத்துவர் ராபர்ட் போ 1979இல் வெளியிட்டார். அது வேறொரு எலும்புக் கட்டிக்குச் செய்தது; ஆனால் கட்டி அறுவையில் கை, காலை மீட்கும் முயற்சிகளுக்கு அது துணையானது.

மண்டையோட்டின் அடிப்பகுதியில் கத்தி முழுதாக எட்டாது. அங்கே மீந்ததை அழிக்கப் புரோட்டான் கதிர் உதவுகிறது. சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் கோ செங் லியாங் புரோட்டான் சிகிச்சை மையம் 2023 முதல் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவருகிறது.

சந்தேகம் வந்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அறுவை செய்யப்போகும் குழுவிடமே திசுப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். ஊசி போன வழியும் அறுவையில் வெட்டியெடுக்கப்பட வேண்டியது. குணமான பின்னும் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். பத்தாண்டு கழித்தும் இது திரும்பியதுண்டு.