புதைபடிவப் பவளம்: அறுத்தலும் மெருகேற்றலும்

பழங்காலக் கடல்களில் வாழ்ந்த பவள உயிரிகளின் சுண்ணாம்புக் கூடுகள் படிவுகளில் புதைந்து கல்லானவை புதைபடிவப் பவளம் எனப்படும். மெருகேற்றினால் தேன்கூடு, பூவிதழ் போன்ற கோலங்கள் தெரியும். கல் இழைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இதை விரும்புவர்.

வகைகள்: கால்சைட்டாக நிலைத்தவை மென்மையானவை (மோஸ் கடினத்தன்மை அளவில் 3), மிச்சிகனின் பெட்டோஸ்கி கல் இவ்வகை. சிலிக்கா ஊறி அகேட் ஆனவை (6.5–7) இந்தோனேசியா, புளோரிடாவில் கிடைக்கின்றன.

செய்முறை: வைரத்தூள் பதித்த வட்டரம்பத்தால் நீர்விட்டு அறுத்து, 80 முதல் 1200 வரையான நுண்மை எண்கள் கொண்ட சாணைகளில் வரிசையாகத் தேய்ப்பர். முந்தைய கீறல்கள் மறைந்த பிறகே அடுத்த சாணைக்குச் செல்ல வேண்டும். அகேட் வகைக்குச் சீரியம் ஆக்சைடு இறுதிப் பளபளப்புத் தரும். கால்சைட் வகையை நீரில் நனைத்த உப்புத்தாளால் கையாலேயே இழைக்கலாம். சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்குமாதலால் உலர்வாக அறுக்கக் கூடாது.

தமிழ்நாட்டில்: மதுரைச் சமவெளியின் அடித்தளம் பழமையான நைஸ், சார்னோகைட் பாறைகள், அவற்றில் புதைபடிவங்கள் இல்லை. திருச்சி மாவட்டம் கல்லக்குடியின் (டால்மியாபுரம்) கிரெட்டேசியக் காலச் சுண்ணாம்புக்கல்லில் சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையான பவளங்கள் உள்ளன. இராமேசுவரம், பாம்பன் கரைகளில் இருப்பவை சில ஆயிரம் ஆண்டுப் பழமையான திட்டுகள்.

சட்டம்: கடினப் பவளங்கள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளதால், மன்னார் வளைகுடாவில் அவற்றை எடுப்பது குற்றம்.