மறுக்காத ஆசான்

மைசூர் என்றவுடன் தசராவும் சந்தனமும் பட்டும் நம் நினைவில் எழுகின்றன. இந்நகருக்கு மற்றுமொரு பெருமையும் உண்டு. தென்னாட்டில் எண்ணெய் வண்ண உருவச் சித்திரக்கலை வேரூன்றிய நகரங்களுள் இதுவும் ஒன்று. அக்கலை வளர்ந்த வரலாற்றில் தமிழராகிய நமக்கும் பங்குண்டு; அது பெருமையும் வருத்தமும் கலந்த பங்கு.

1862-ஆம் ஆண்டில், 14 வயதுச் சிறுவராகிய ரவிவர்மா கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் சென்று, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவைப் பெற்றார். அவ்வரசவையில் மதுரை இராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணத்தில் வல்லவராய் விளங்கினார். அவர் அவ்வித்தையைச் சொல்லித்தர மறுத்தார் என்றும், அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை தாம் அறிந்ததை ரகசியமாகப் பகிர்ந்துகொண்டார் என்றும் ரவிவர்மாவின் சரிதம் எழுதியோர் கூறுவர். 1868-இல் அங்கு வந்த தியடோர் ஜென்சன் என்னும் மேனாட்டு ஓவியரும், தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே இடங்கொடுத்தார். எனவே, கண்ணையே குருவாகக் கொண்டு கற்ற ரவிவர்மா, 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றார்.

1885-இல் சாமராஜேந்திர உடையாரின் அழைப்பை ஏற்று அவர் மைசூருக்கு வந்து, அரச குடும்பத்தாரின் உருவங்களைத் தீட்டினார். பின்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்காகப் புராணச் சித்திரங்களும் வரைந்தார். 1861-இல் எழுந்த ஜகன்மோகன் அரண்மனை 1915-இல் ஓவியக்கூடமாயிற்று. அவர் படைப்புகள் பல அங்கே இடம்பெற்றன. ஒரு காலத்தில் அவைக்குள் காத்துவைக்கப்பட்ட வித்தை, இவ்வாறு பொதுமக்கள் கண்முன் வந்தது.

இதன் பயன் யாது? சுவரில் தொங்கும் நல்ல சித்திரம், எவரையும் மறுக்காத ஆசான். அதனைப் பார்த்து எழுதப் புகும் மாணவன் முதலில் கட்டங்கள் இட்டு அளவெடுக்கிறான்; கரியினால் உருவத்தின் எல்லையை வரைகிறான்; மண்ணிறச் சாயத்தை மெல்லப் பூசி நிழலையும் ஒளியையும் பிரிக்கிறான். பிறகே மேனியின் நிறம் வருகிறது. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும்; முறை மாறினால் நாளடைவில் வண்ணம் வெடிக்கும். கன்னத்து நிழல் கருமையன்று, அதிலும் பசுமையும் செம்மையும் உண்டு என்பதை நூறு சொற்கள் உணர்த்தமாட்டா. ஒரு நாள் பார்த்தெழுதினால் புலனாகும்.

பார்த்தெழுதுதல் திருட்டு ஆகாதோ என்று சிலர் ஐயுறலாம். ரூபன்ஸ் போன்ற பெரும் ஓவியரே, புகழ் பெற்ற பின்னும், 1628-இல் மாட்ரிட் சென்று டிஷியனின் சித்திரங்களைப் பார்த்தெழுதினார். 1793-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பாரிஸ் நகரத்து லூவ்ர் கூடத்தில் அத்தகைய பயிற்சிக்கு இன்றும் இடமுண்டு; ஆயினும் நகலின் அளவு மூலத்தின் அளவாக இருத்தல் கூடாது என்பது அங்குள்ள விதி. நகல் நகலாகவே அறியப்படும்வரை அது கல்வியே. மூலமென விற்கப்படும்போதுதான் வஞ்சனையாகிறது.

மைசூரில் இக்கலை தழைத்ததற்கு அரண்மனைக் கல்யாண மண்டபமே சான்று. 1934 முதல் 1945 வரை, தசரா ஊர்வலத்தைச் சித்திரிக்கும் 26 பெரும் ஓவியங்களை மைசூர் ஓவியர்கள் அங்கே தீட்டினர். புகைப்படங்களைத் துணையாகக் கொண்டு அவர்கள் எழுதிய கூட்டத்தில், பல முகங்கள் தனித்தனி உருவச் சித்திரங்களாகவே விளங்குகின்றன. ரவிவர்மா வந்து அறுபது ஆண்டு அளவில் இவ்வளர்ச்சி கிட்டியது.

மதுரையிலிருந்து திருவனந்தபுரம் சென்ற நாயக்கர், வாழ்வு தேடி அயலூர் சேர்ந்த நம்மைப் போன்றவரே. பிழைப்புக்கு ஆதாரமான வித்தையை மறைத்துவைத்த அவர் அச்சத்தை நாம் அறிவோம், இகழோம். ஆயினும் மறைத்த வித்தை அவரோடு நிற்கவில்லை; பகிர்ந்த ஆறுமுகம் பிள்ளையின் வழியே அது வாழ்ந்தது. வந்த ஊரில் நாம் அறிந்ததை அடுத்த தலைமுறைக்கு ஒளியாது வழங்குவோமாயின், பிள்ளையவர்களின் வழியினராவோம்.