சிரிக்கும் ஆந்தையும் ஐந்தே ஐந்து ராபின்களும்

இன்னைக்கு எபிசோடுக்கு நியூசிலாந்து போறோம். அங்கே சிரிக்கும் ஆந்தைன்னு ஒரு பறவை இருந்தது. மனுஷங்க சிரிக்கிற மாதிரி கூவும். யாராவது அக்கார்டியன் வாசிச்சா தேடிக்கிட்டு வரும்னுகூட அந்தக் காலத்துல எழுதி வெச்சிருக்காங்க. உங்களுக்குப் போட்டுக் காட்டலாம்னா, அந்தக் குரலோட ஒலிப்பதிவு ஒண்ணுகூட கிடையாது.

பிரிட்டிஷ் குடியேறிகள் கொண்டுவந்த முயல்கள் பெருகி, ஆட்டு மேய்ச்சல் நிலத்தையே காலி பண்ணின. முயலைக் கொல்ல 1880களில் ஸ்டோட், ஃபெரெட்னு கீரி மாதிரி நீள உடம்பு வேட்டை விலங்குகளை அவிழ்த்துவிட்டாங்க. அதுங்க முயலோட நிறுத்திக்குமா? பாறை இடுக்கில், தரையோட தரையா முட்டையிடுற ஆந்தை ரொம்ப சுலபமான இரை. 1914 ஜூலையில் புளூகிளிஃப்ஸ் என்ற இடத்தில் ஒரு ஆந்தை செத்துக் கிடந்தது. உறுதியான கடைசிப் பதிவு அதுதான்.

இதுல என்னை உறுத்துறது வேற விஷயம். 1882லயே டபிள்யூ. டபிள்யூ. ஸ்மித் என்பவர் இந்த ஆந்தைகளைப் பிடிச்சு வளர்த்தார்; கூண்டிலேயே முட்டையும் இட்டுச்சு. ஆக, வழி தெரிஞ்சிருந்தது. ஆனா அது ஒரு தனி மனுஷரோட ஆர்வமாவே நின்னுபோச்சு.

இப்போ சாத்தம் தீவுகள். நியூசிலாந்துக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர். அங்கே கருப்பு ராபின்னு ஒரு குட்டிப் பாட்டுப் பறவை. பூனையும் எலியும் ஏற முடியாத ஒரு பாறைத் தீவில் மட்டும் தப்பிப் பிழைச்சிருந்தது. இந்த அதிர்ஷ்டம் ஆந்தைக்கு இல்லைங்கிறதையும் சொல்லியாகணும். இருந்தும் 1980ல் மிஞ்சினது ஐந்தே ஐந்து. அதுல குஞ்சு பொரிக்கக்கூடிய ஜோடி ஒண்ணே ஒண்ணு. பெண் பறவையோட காலில் நீல வளையம். பேரு ஓல்ட் புளூ.

டான் மெர்டனும் அவரோட அரசு வனவிலங்குக் குழுவும் அவளோட முட்டைகளை எடுத்து, டாம்டிட் என்ற வேற இனப் பறவையோட கூட்டில் வெச்சாங்க. முட்டை காணாமப் போனதும் ஓல்ட் புளூ மறுபடியும் முட்டையிட்டா. நம்ம ஊரு காக்கா-குயில் கதையை மனுஷங்களே நடத்தி வெச்ச மாதிரி. இன்னைக்கு 200க்கும் மேல ராபின்கள் இருக்கு. எல்லாமே அந்த ஒரே ஜோடியோட வம்சம்.

இதுலயும் ஒரு சிக்கல் வந்துச்சு. சில ராபின்கள் கூட்டோட விளிம்பில் முட்டையிட ஆரம்பிச்சது. அப்படியே விட்டா பொரியாதுன்னு குழு அதை உள்ளே தள்ளிவிட்டது. விளைவு, அந்தப் பழக்கம் வாரிசுகளுக்கும் போய், 1980களோட முடிவில் பாதிக்கு மேற்பட்ட பெண் பறவைகள் அப்படித்தான் முட்டையிட்டன. அதுக்கப்புறம் கை வைக்கிறதை நிறுத்தினாங்க. விளிம்பு முட்டைகள் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சது.