வன்னிப் பெருநிலத்தில் சிறுவர் கல்வியும் ‘தேவை’ என்னும் பாடமும்

மனிதன் உயிர்வாழ்வதற்கு இன்றியமையாதன எவை, அவன் விரும்புவன எவை என்னும் வேறுபாட்டைச் சிறுவர்க்கு உணர்த்துதல், தொடக்கக் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாக இன்று பல நாடுகளிலும் கொள்ளப்படுகின்றது. சோறு, நீர், உடை, வீடு என்பன தேவைகள். இனிப்புப் பண்டமும் விளையாட்டுப் பொம்மையும் விருப்பங்கள். ஆசிரியர் படங்களைக் காட்ட, மாணவர் அவற்றை இரு கூறாகப் பிரித்து வைப்பர். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இதனினும் எளிய பாடம் பிறிதில்லை எனத் தோன்றும். ஆயின், தேவைகள் அனைத்தும் நிறைவெய்திய வீட்டுப் பிள்ளைக்கு எளிதாய் அமையும் இப்பாடம், அவை மறுக்கப்பட்ட பிள்ளைக்கு எத்தகைய பொருளைத் தரும் என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தின் கடந்த ஒரு நூற்றாண்டு வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றைத் தருகின்றது.

தமிழர் சிந்தனையில் இவ்வேறுபாடு புதியதன்று. உலகாளும் மன்னனுக்கும் காட்டிலே விலங்கு தேடி அலையும் வேடனுக்கும் உணவும் உடையும் ஓரளவினவே என்றும், ஆதலாற் செல்வத்தின் பயன் ஈதலே என்றும் நக்கீரர் பெயரால் அமைந்த புறநானூற்றுப் பாடல் ஒன்று கூறும். உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றையும் உயிர்கட்கு அளிப்பதே அறம் என்பது மணிமேகலையின் கொள்கை. இவ்விரு நூல்களும் யாரை நோக்கிப் பேசுகின்றன என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது. உள்ளவனை நோக்கியே அவை பேசுகின்றன. ‘உன் தேவை சிறிது; எஞ்சியதைப் பிறர்க்கு ஈக’ என்பதே அவற்றின் சாரம். ஆனால், இதே கருத்துப் பிற்காலத்திலே திண்ணைப் பள்ளிகளிலும் கிராமப் பாடசாலைகளிலும் ‘ஆசையை அடக்கு, உள்ளதே போதும் என்றிரு’ எனச் சிறுவர்க்குப் போதிக்கப்பட்டபோது, கேட்போர் பலர் இல்லாதவராயிருந்தனர். உள்ளவனுக்கு உரைத்த அறிவுரை இல்லாதவனுக்கு உரைக்கப்படும்பொழுது அதன் பொருள் மாறிவிடுகின்றது.

வன்னிச் சிறுவன் ‘தேவை’ என்பதை முதன்முதலிற் கற்றது நூலிலன்று, குளக்கட்டிலேயாகும். மழையை நம்பிய வரண்ட நிலத்திலே குளமே உணவுக்கும் நீருக்கும் ஆதாரமாயிற்று. ஜே. பி. லூயிஸ் என்பார் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், பாழடைந்த குளங்களையும் அருகிய குடித்தொகையையும் கொண்ட நிலமாகவே வன்னியைக் காட்டுகின்றது. மலேரியாக் காய்ச்சலும் மக்களை வாட்டிற்று. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1921இல் நிறைவெய்தியது. அதன் பயனாக 1930களிலே கிளிநொச்சிப் பகுதியில் குடியேற்றங்கள் உருவாயின. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா கட்டுப்படுத்தப்பட்டதும் குடியேற்றம் மேலும் விரிவடைந்தது.

காலபோகத்தில் நீர் நிறைந்திருக்கும். சிறுபோகத்திலோ குளத்து நீர் எல்லா வயல்களுக்கும் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு என்பதைக் கமக்காரர் கூடித் தீர்மானிப்பர். கட்டிலே தந்தையோடு நின்ற பிள்ளை இதனைக் கண்டு வளர்ந்தது. பற்றாக்குறை உண்டென்பதும், அதனைப் பங்கிட்டுக்கொள்ள முறையொன்று உண்டென்பதும் அங்கு ஒருங்கே கற்கப்பட்டன.

பாடசாலைக் கல்வி இவ்வாழ்க்கையோடு இணைதல் வேண்டும் என்ற எண்ணம் இலங்கையில் அவ்வப்போது தலைதூக்கியதுண்டு. 1932இல் கண்டிப் பகுதியில் ஆரம்பிக்கப்பட்ட ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம் வேளாண்மை, சுகாதாரம், கைப்பணி முதலியவற்றை மையமாகக் கொண்டது. இந்தியாவிலே காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் அத்தகையதே. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின், கிராமத்துப் பெற்றோரும் ஆங்கிலக் கல்வியையும் அரச உத்தியோகத்தையுமே நாடினர். கிராமியக் கல்வியை அவர்கள் தாழ்ந்த கல்வியெனக் கருதினர். இதனைப் பெற்றோரின் அறியாமை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ‘உனக்குத் தேவை இவ்வளவே’ எனப் பிறர் வரையறுத்த கல்வி, தம் பிள்ளைகளை இருந்த இடத்திலேயே இருத்திவிடும் என அவர்கள் அஞ்சியதில் நியாயமுண்டு.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொடக்க வகுப்புகளிலே பாடங்களை ஒருங்கிணைத்துச் சுற்றாடலை அடிப்படையாகக் கொண்டு கற்பிக்க முயன்றது. அதே சீர்திருத்தம் பாடசாலையிற் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியது. இவ்வயதெல்லை பின்னர் மீண்டும் ஐந்தாகக் குறைக்கப்பட்டதாயினும், இடைப்பட்ட ஆண்டுகளிலே கிராமத்துக் குழந்தைகள் ஆறு வயதுவரை எந்நிறுவனத்தின் கவனிப்புமின்றி இருந்தனர். நகரத்திலே பாலர் வகுப்புகள் இருந்தன. வன்னியின் காட்டோரக் குடிசைகளுக்கு அவை எட்டவில்லை.

இக்காலத்திலேதான் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாக வன்னியை வந்தடைந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசாவுரிமை இழந்தோர் இவர்கள். 1970களின் முற்பகுதியிலே தோட்டங்களில் நிலவிய பட்டினியும், தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதன் விளைவாக நேர்ந்த வெளியேற்றமும், 1977 ஆகஸ்ட் மாதத்து இனவன்முறையும் இவர்களை வடக்கு நோக்கித் துரத்தின. உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றையும் ஒருங்கே இழந்து வந்த பிள்ளைகளுக்கு, தேவை யாதென எவரும் படம்காட்டி விளக்கவேண்டிய நிலை இருக்கவில்லை.

இவர்கள் நடுவே பணியாற்றிய காந்தீயம் இயக்கம் இப்பொருள் பற்றிய வரலாற்றிலே தனியிடம் பெறுகின்றது. கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகிய இருவரும் 1976-77 காலப்பகுதியில் வவுனியாவை மையமாகக் கொண்டு இதனை நிறுவினர். ஜெனீவாவிலே கூடிய உலக வேலைவாய்ப்பு மாநாடு, வளர்ச்சியின் அளவுகோல் மக்களின் அடிப்படைத் தேவைகளை நிறைவு செய்தலே எனப் பிரகடனப்படுத்தியதும் அதே 1976இலாகும். மாநாட்டு மண்டபத்திற் பேசப்பட்ட கொள்கை, வவுனியாக் காட்டோரத்திலே பெரும் பணவளமோ அரச பலமோ இல்லாத சிலரால் நடைமுறைப்படுத்தப்பட்டது எனலாம்.

அகதிக் குடும்பங்களை நிலத்திற் குடியமர்த்துதல், கிணறு தோண்டுதல், நடமாடும் மருத்துவ சேவை ஆகியவற்றோடு பாலர் பாடசாலைகளையும் காந்தீயம் தொடங்கிற்று. கிராமத்து இளம் பெண்கள் வவுனியாவில் பயிற்சி பெற்றுத் தத்தம் கிராமங்களுக்குத் திரும்பி ஆசிரியைகளாயினர். நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு இப்பணி பரவியது. குழந்தைக்கு அங்கே எழுத்தறிவோடு ஊட்டமான உணவும் கிடைத்தது. தேவை என்பது சொல்லாகப் போதிக்கப்படுவதற்கு முன்னர் உணவாகவும் மருந்தாகவும் அளிக்கப்பட்டமையே இம்முறையின் சிறப்பு. ஆசிரியை வெளியாள் அல்லள். தன் வீட்டுப் பசியையும் அறிந்தவள். ஆகவே குழந்தையின் பசி அவளுக்குப் பாடப்பொருளாகவன்றி, அன்றே தீர்க்கவேண்டிய காரியமாகவே தோன்றியிருக்கும்.

இம்முயற்சி நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார். உயிர்தப்பிய டேவிட் செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறையுடைப்பின்போது வெளியேறித் தமிழ்நாட்டை அடைந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கு வாழ்ந்து, 2015இல் தாயகம் திரும்பி, அவ்வாண்டு ஒக்ரோபரில் கிளிநொச்சியிற் காலமானார். குழந்தைக்கு உணவும் குடும்பத்துக்கு நிலமும் அளித்தல் அரசியல் சார்பற்ற அறப்பணி என்றே பலரும் கருதுவர். நிலமற்றோர்க்கு நிலம் தேடிக் கொடுப்பது ஆட்சியாளரின் கண்ணுக்கு அரசியலாகவே பட்டது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

தேவைக்கும் விருப்பத்துக்கும் இடையிலான எல்லையை யார் வகுப்பது என்னும் வினா 1990இன் பின்னர் இன்னும் கூர்மையடைந்தது. அவ்வாண்டு யூனில் மீண்டும் போர் மூண்டதைத் தொடர்ந்து வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், மின்கலம், மெழுகுதிரி, சீமெந்து, உரம் முதலியன தடைக்கோ கடுங் கட்டுப்பாட்டுக்கோ உள்ளாயின. இவை போருக்குப் பயன்படும் என்பது அரசின் வாதம். ஆனால் அதே மண்ணெண்ணெயே மாணவனின் விளக்குக்கும் வேண்டியிருந்தது. வகுப்பறையிலே பிள்ளைகள் படங்களைப் பிரித்து வைக்கும் அதே செயலை, அதிகாரம் ஒரு மக்கட் கூட்டத்தின்மீது நிகழ்த்திற்று. எது தேவை, எது தேவையன்று என்பதைச் சோதனைச் சாவடியிலிருந்த பட்டியல் தீர்மானித்தது.

மக்கள் இதற்கு ஈடுகொடுத்தனர். ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோரிற் பலர் வன்னிக்கு வந்தபின், ஓலைக் கொட்டில்களிலும் மர நிழல்களிலும் வகுப்புகள் நடைபெற்றன. 2002 ஜனவரியிலேயே தடை பெருமளவிற்குத் தளர்ந்தது. அக்காலத்துச் சிக்கனத்தைப் பெருமையாகப் பேசுதல் இன்று வழக்காகிவிட்டது. மனவுறுதி போற்றற்குரியதே. எனினும், இல்லாமையைத் தாங்கப் பழகிய பிள்ளை தேவையையும் விருப்பத்தையும் பிரித்தறியக் கற்றுவிட்டது எனக் கொள்ளுதல் தவறாகும். அது கற்றது தேவையையே விருப்பமாகக் குறைத்துக்கொள்வதை.

போரின் இறுதிக் கட்டத்திலே, எல்லாத் தேவைகளுக்கும் முற்பட்டதான உயிர்ப் பாதுகாப்பே இல்லாதொழிந்தது. சிறுவரைப் படையிற் சேர்த்தலை விடுதலைப் புலிகள் இறுதிவரை கைவிடவில்லை. மக்கள் செறிந்திருந்த இடங்களிலே அரசபடையின் எறிகணைகள் வீழ்ந்தன. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை இரு தரப்பின் மீதும் குற்றஞ் சுமத்தியது. 2009 மே மாதத்தின் பின்னர் வவுனியா செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். தண்ணீருக்கும் உணவுக்கும் வரிசையில் நின்ற அம்முகாமிலும் தற்காலிகக் கற்றல் கூடங்கள் அமைந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த பொதுப் பரீட்சைகளுக்கு முகாம் மாணவர்களும் தோற்றினர். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. உணவுக்கே வழியற்ற நிலையிலும் பெற்றோர் பிள்ளையின் படிப்பைக் கைவிடாமை, கல்வியும் அடிப்படைத் தேவையே என்பதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வரலாற்றுக்கு இணையாக வேறொரு கருத்தும் வளர்ந்து வந்துள்ளது. 1989 நவம்பர் 20இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்தது. உணவு, மருத்துவம், கல்வி, பாதுகாப்பு ஆகியவற்றை அது உரிமைகளாக வகுத்தது. விளையாட்டையும் அது உரிமையாகக் கூறுகின்றமை குறிப்பிடத்தக்கது. பாடப் படத்திலே ‘விருப்பம்’ என ஒதுக்கப்படும் பொம்மைகூடக் குழந்தையின் உரிமையொன்றைச் சுட்டி நிற்கின்றது. இலங்கையில் இலவசப் பாடநூல் 1980இலும், மதிய உணவு 1989இலும், சீருடை 1993இலும் மாணவர்க்கு வழங்கப்படலாயின. பிள்ளையின் தேவை பெற்றோரின் பொறுப்பு மட்டுமன்று, சமுதாயத்தின் கடமையுமாகும் என்பதை இவை ஏற்றுக்கொண்டன. 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடம், விளையாட்டின் வழியாகவும் செயல் வழியாகவும் குழந்தை தன் சூழலை அறிய இடமளிக்கின்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரின் பிரசாவுரிமைச் சிக்கலுக்குத் தீர்வளித்தது. எனினும் அவர்களின் வழித்தோன்றல்களாய் வன்னியில் வாழ்வோரிற் பலர்க்குக் காணி உறுதி நீண்டகாலச் சிக்கலாகவே இருந்து வந்துள்ளது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். தேவையும் விருப்பமும் பற்றிய பாடம், பிள்ளை குறைவோடு அமைதியடைவதற்காகக் கற்பிக்கப்படுவதன்று. தனக்கும் பிறர்க்கும் உரியது யாதென அது அறிந்துகொள்வதற்காகவே கற்பிக்கப்படவேண்டும். பசித்த பிள்ளைக்கு முதலில் உணவளித்துப் பின்னர் அதுபற்றிப் பேசுதலே முறை. காந்தீயத்தின் பாலர் பாடசாலைகள் அதனைச் செய்தன. அடுத்து, ‘இது தேவையா, விருப்பமா’ என்ற வினாவோடு நின்றுவிடாது, ‘இத்தேவை நம் ஊரில் யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை’ என்ற வினாவையும் பிள்ளை கேட்கப் பழக்கவேண்டும். ஆசையடக்கம் அதன்பின்னரே பொருளுடையதாகும். ஏனெனில் உரியதைப் பெற்றவனே மிகையை விட்டுக்கொடுக்க வல்லவன்.

இதற்குரிய முன்மாதிரியை வன்னி தொலைவிலே தேடவேண்டியதில்லை. சிறுபோகத்துக்கு நீர் போதாத ஆண்டுகளிலே குளத்தடியிற் கூடும் கமக்காரர் எவரையும் நோக்கி ‘உனக்கு நீர் வேண்டாம்’ எனக் கூறுவதில்லை. குளத்தில் எவ்வளவு நீர் உண்டு, எத்தனை குடும்பங்கள் உண்டு என்பதையே முதலிற் கணக்கிடுகின்றனர். அக்கணக்கை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியரே வன்னிச் சிறுவர்க்குத் தேவை பற்றிய பாடத்தை உள்ளவாறு கற்பிப்பவராவர்.