சங்கு ஊதும் நேரம்

சித்தப்பா மூன்று ராத்திரி தூங்கவில்லை. நான்காம் நாள் விடியுமுன் ஆற்றில் குளித்துவிட்டு வந்து, தெருவையே எழுப்பி, தான் ஒரு மில்லை விலைக்கு வாங்கப்போவதாகச் சொன்னார். அவர் வேலை பார்த்ததும் ஒரு நூற்பாலையில்தான். வாரம் ஒரு ஷிப்ட், மாறி மாறி. அந்த வாரம் முழு நைட். "தூக்கம் கெட்டா புத்தி பெரளும்ல" என்றாள் ஆச்சி. டாக்டர் அதற்கு பைபோலார் என்று பெயர் சொன்னார்.

மாத்திரையில் மனசு அடங்கியது, உடம்பு பெருத்தது. "நல்லா தின்னுட்டுத் தூங்குதாரு" என்றது ஊர். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அமெரிக்க நேரத்துக்குக் கோடு எழுதி, ராத்திரி இரண்டு மணிக்கு புரோட்டா தின்கிறவனாக, அந்தக் கதையைத் திரும்பிப் பார்க்கிறேன்.

நம் பள்ளத்தாக்கில் நேரம் மாறிய கதை பாபநாசத்தில் தொடங்குகிறது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணி விழும் விசையைக் கொண்டு அங்கே நூற்பாலை நடத்தினார்கள். அதுவரை வயலுக்குப் போக வெயில்தான் கணக்கு. இனி சங்குதான் கணக்கு. தூத்துக்குடியில் அவர்களது கோரல் மில்லில் 1908இல் வ.உ.சி. நடத்திய வேலைநிறுத்தம் கூலிக்காக மட்டுமல்ல. வேலை நேரத்துக்காகவும், வார விடுமுறைக்காகவும்தான். தொழிலாளி கேட்டது தன் நேரத்தை.

1911 சட்டம் நூற்பாலை ஆண்களின் வேலையை நாளுக்கு 12 மணி நேரமாகக் கட்டுப்படுத்தியது. 1948 சட்டத்தில் அது 9. பெண்களுக்கு இரவு வேலையையும் அது தடுத்தது. ஆண்களுக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணிய அந்தச் சட்டம், எந்த மணி நேரம் என்று கேட்கவில்லை. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையமும் வந்துவிட்டது. ஆற்றுக்குத் தூக்கம் கிடையாது. மனுஷனுக்கு உண்டு.

அது ஏன் என்று தேடியவர்களில் ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன், கடிகாரமும் வெயிலும் எட்டாத அறையில் தன்னார்வலர்களை வாரக்கணக்கில் தங்கவைத்து ஆராய்ந்தார். சிலருக்கு உறக்கமும் உடல் வெப்பமும் தனித்தனி கணக்கில் ஓட ஆரம்பித்தன. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இல்லை, பல உண்டு. மூளையில் உள்ளது வெளிச்சம் பார்த்து ஓடும். கல்லீரலில் உள்ளது சாப்பாட்டு நேரத்தையும் பார்க்கும். ராத்திரி தின்றால் இரண்டும் முரண்படும். அந்நேரம் சர்க்கரையைக் கையாளும் திறனும் உடம்புக்குக் குறைவு.

2005இல் அமெரிக்காவில், 'கிளாக்' மரபணு பழுதான எலிகள் நேரங்கெட்டுத் தின்று பருத்ததைக் கண்டார்கள். 2007இல் வேறொரு குழு அதே வகை எலிகளிடம் சித்தப்பாவின் அந்த நான்கு நாட்களைப் போன்ற ஒன்றைக் கண்டது: குறைந்த தூக்கம், அடங்காத ஓட்டம், பயமின்மை. லித்தியம் கொடுத்ததும் பெருமளவு அடங்கின. ஒரே மரபணுவில் உடம்பும் மனசும். எலி மனுஷன் அல்ல. நைட் ஷிப்ட் பார்க்கிற எல்லாருக்கும் பைபோலார் வருவதுமில்லை. ஆனால் அதற்கான வாகு உள்ளவர்களுக்குத் தூக்கம் போவது நோயைக் கிளப்பிவிடும். பிறகு மாத்திரைகளில் பல பசியைக் கூட்டும். கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள். அதில் பெரும்பங்கு இதயநோய் போன்ற உடல்நோய்களால். ஊர் சோம்பல் என்று சொன்னது இதைத்தான்.

சித்தப்பா மாரடைப்பில் போனார். ஐம்பத்திரண்டு வயது. அவர் மனசுக்கு மாதாமாதம் டாக்டர் பார்த்தோம். சர்க்கரையை யாரும் பார்க்கவில்லை.

சந்திரசேகரன் குழு 1981இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு உண்டு. வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். மற்ற வௌவால்கள் அந்தியில் பறந்துபோய் விடியலில் திரும்பும் வரை அதன் கடிகாரம் சரியாக ஓடியது. தனியாக விட்டதும் நேரம் நழுவியது.

ஆச்சி இருந்தவரை சித்தப்பாவுக்கு ஆறு மணிக்குக் காப்பி, எட்டரைக்கு ராச்சோறு. ஒரு நாள் தவறாது. அந்த ஒன்பது வருஷமும் அவர் ஆஸ்பத்திரியில் சேரவில்லை. மாத்திரைதான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மாத்திரையும்தான்.