வன்னி நாடும் வன்னி மரமும்

ஒரு நாட்டின் பெயர்க் காரணத்தை ஆராய்வது அந்நாட்டு மக்களின் பழைய வாழ்வை ஆராய்வதாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களைத் தன்னகத்தே கொண்ட வன்னிப் பெருநிலம் அப்பெயரை எவ்வாறு பெற்றது என்ற வினாவுக்கு மூவகை விடைகள் கூறப்படுவதுண்டு. வன்னி மரம் நிறைந்த நாடாதலின் வன்னியாயிற்று என்பர் ஒரு சாரார். ‘வனம்’ என்னும் சொல்லின் வழி வந்தது என்பர் மற்றொரு சாரார். வன்னியர் எனப்பட்ட தலைவர்கள் ஆண்டமையால் எய்திய பெயர் என்பர் பிறிதொரு சாரார். இவற்றுள் முதலாவது கூற்று கேட்போரை எளிதிற் கவர்வது. ஆதலின் அதனையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

வடநூலார் சமி என வழங்கும் வன்னி, முள்ளுடைய மரம். தாவர நூலார் இதனைப் புரோசோப்பிஸ் சினரேரியா என்பர். அரேபியா முதல் இந்தியா வரையுள்ள வறண்ட நிலங்களில் இது வளர்கின்றது. வேரை மிக ஆழமாகச் செலுத்தி நீரைப் பெறுவதால், மழை பொய்த்த காலத்தும் பசுமை மாறாது நிற்கும். இதன் முற்றாத நெற்றுகள் கறியாகச் சமைக்கப்படும். பழுத்த நெற்றின் சதை இனிப்புடையது. இலை கால்நடைக்கு உணவாகும். இராசத்தானத்தில் இம்மரம் கேசரி எனப்படும். சோத்பூரை அடுத்துள்ள கேசர்லி என்னும் ஊர் இம்மரத்தாற் பெயர் பெற்றது. அவ்வூரில் 1730ஆம் ஆண்டு அரசன் ஆணையால் மரங்களை வெட்ட வந்தோரைத் தடுத்து, பிசுனோயி மக்கள் 363 பேர் உயிர் நீத்தனர் என்பது வரலாறு. மரத்தால் வாழ்ந்த மக்கள் மரத்தின் பெயரை ஊருக்கு இட்டமை இயல்பே.

வன்னி நாட்டின் நிலை இதனின் வேறானது. தார்ப் பாலையில் ஆண்டு மழை 500 மில்லிமீற்றருக்கும் குறைவு; வவுனியாவிலோ 1000 மில்லிமீற்றருக்கும் மேலாகப் பெய்கின்றது. வன்னிக் காடுகளின் பெருமரங்கள் பாலை, முதிரை, வீரை, கருங்காலி முதலியன. மக்களின் உணவு வழக்கிற் பேர்பெற்ற காட்டுக்கனிகள் பாலைப்பழமும் விளாம்பழமுமாம். ஈழத்து இந்துக்களுக்கு வன்னி நன்கு அறிமுகமானது காட்டிலன்று, கோயிலிலேயே ஆகும். பாண்டவர் தம் படைக்கலங்களை மறைத்து வைத்த மரம் என்ற சிறப்பு அதற்குண்டு. விசயதசமியன்று மானம்பூத் திருவிழாவில், வன்னிக் கிளையுடன் வாழையை நட்டு வெட்டும் வழக்கமும் உண்டு.

மேலும், மரத்தாற் பெயர்பெற்ற ஊர்கள் வன்னியிற் பல உள. மாங்குளம், புளியங்குளம், நொச்சிமோட்டை, மருதோடை என்பன சில. இவை யாவற்றிலும் மரப்பெயர் குளத்தையோ மோட்டையையோ ஓடையையோ சார்ந்தே நிற்கின்றது. மரப்பெயர் ஒன்று தனித்து நின்று பெருநிலம் முழுவதற்கும் பெயராயிற்று எனக் கொள்வது இவ்வழக்கோடு பொருந்தவில்லை.

இனி, வன்னி என்ற பெயர் வடபகுதிக்கு மட்டும் உரியதன்று. குருநாகல் மாவட்டத்தில் வன்னி அத்பத்து என்னும் பிரிவு உண்டு. திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளிலும் வன்னியர் ஆண்டனர். சூளவம்சம் 13ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து வன்னி அரசர்களைக் குறிப்பிடுகின்றது. தமிழகத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ‘வன்னிய’ என்பது சிற்றரசர் பட்டத்தோடு சேர்ந்து வருகின்றது. கண்டியிலே சிறையிருந்து 1679இல் தப்பிச் சென்ற இறொபேட் நொக்ஸ், தான் கடந்த தமிழர் நிலத்தின் தலைவனைக் கயிலாய வன்னியன் எனக் கொள்ளத்தக்க பெயராற் குறிக்கின்றார். நிலமும் மரமும் வேறுபட்ட இடங்களிலெல்லாம் ஒத்துக் காணப்படுவது வன்னியர் ஆட்சியே. எனவே மூன்றாவது கூற்றே வலியுடையதாகும்.

ஆயினும் மரத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பு அறவே இல்லை எனலும் ஆகாது. வேள்வித் தீக் கடையும் அரணிக்குச் சமி மரம் பயன்பட்டது. நெருப்பைக் குறிக்கும் வடசொல்லும் தமிழில் ‘வன்னி’ என்றே வழங்கும். வன்னியர் தம்மைத் தீயிற் பிறந்த குலத்தவர் என்று கூறிக்கொள்ளும் மரபும் உண்டு. ஆகவே மரமும் குலமும் நெருப்பு என்னும் ஒரே கருத்தினின்று பெயர் பெற்றிருத்தல் கூடும். ஒன்று மற்றொன்றைப் பெற்றதெனக் கொள்ள வேண்டுவதில்லை.

இவ்வாராய்ச்சி சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. வன்னியை மரமென்றோ காடென்றோ மட்டும் பொருள் கொண்டால், அது மக்களும் ஆட்சியும் இல்லாத வெறும் நிலமாகத் தோன்றும். பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று முதலிய பற்றுகளாக வகுத்துக் குளங்கட்டி வாழ்ந்த நாட்டை அவ்வாறு கருதுதல் தவறாகும். 1803ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒற்றோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையால் தோற்கடிக்கப்பட்டான். பின்னர் அவ்விடத்தில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லிலும் வன்னியன் என்ற பெயர் பொறிக்கப்பட்டது. ஆட்சி அழிந்தது, ஆண்டோர் பெயர் நிலத்தின் பெயராக நிலைத்தது.